வலசை என்றால் என்ன? புரட்டாசி, ஐப்பசியில் முதன்முதலாகப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

செப்டம்பர் பிறந்துவிட்டால் சென்னையில் பறவை பார்க்கிறவர்களுக்குள் ஒரே கேள்விதான் சுற்றும்: "வந்தாச்சா?" வலசைப் பறவைகளைத்தான் கேட்கிறார்கள் என்று சொல்லவே வேண்டாம். அப்புறம் யாராவது ஒருவர் "ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, பெரும்பாக்கம்" என்பார். உடனே பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். அதில் பாதிப் பேருக்கு அது முதல் தடவையாக இருக்கும். பைனாகுலர் இரவல், தொப்பி புதுசு, பள்ளிக்கரணைக் குப்பைமேட்டு வாசனைக்கு மூக்கு இன்னும் பழகியிருக்காது. இந்தக் கட்டுரை அந்தப் பாதிப் பேருக்கானது.

முதல் தடவை வருகிறவர்கள் எல்லாருமே "இது என்ன பறவை?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இந்தப் பருவத்துக்கு அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு. "இது இந்த ஊர்க்காரரா, தங்க வந்தவரா, இல்லை வழியில் இறங்கிவிட்டுப் போகிறவரா?" என்று கேட்டுப் பாருங்கள். வலசை என்பது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. பெயர் தெரியாமல்கூட வலசையைப் புரிந்துகொள்ளலாம். நூறு பெயர் தெரிந்தும் வலசை பிடிபடாமல் போகவும் கூடும்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். ஒரு பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க ஓர் இடமும், மீதி நாளைக் கழிக்க வேறு இடமும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் வருடா வருடம் காலம் தவறாமல் போய் வந்தால் அதுதான் வலசை. குளிருக்குப் பயந்து ஓடிவருகின்றன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது பாதி உண்மை. இறகுப் போர்வை இருக்கிற உயிருக்குக் குளிர் அவ்வளவு பெரிய தொந்தரவு இல்லை, சாப்பாடுதான் பிரச்சினை. சைபீரியாவின் வடகோடித் தூந்திரச் சமவெளியில் ஜூன், ஜூலையில் சூரியன் மறைவதே இல்லை, கொசுவும் பூச்சியும் கணக்கில்லாமல் கிளம்பும், குஞ்சுகள் இருபத்து நாலு மணி நேரமும் மேயலாம். ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த விருந்து முடிந்துவிடும். அப்புறம் மண் உறைந்துபோகும். மண்ணைக் கிளறிப் புழு தின்கிற பறவை அங்கே என்ன செய்யும்? கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்பும் நேரத்தைப் பகல் பொழுதின் நீளம் சொல்லிவிடுகிறது. பகல் குறையத் தொடங்கியதும் உடம்பில் சுரப்பிகள் மாறி, பசி ஏறி, கொழுப்புச் சேர்ந்து, கூண்டில் அடைத்து வைத்திருக்கிற பறவைகூட இரவில் நிலைகொள்ளாமல் படபடக்கும். பனி விழுந்து, பட்டினி கிடந்து, அதற்குப் பிறகு முடிவெடுக்கிற சமாச்சாரம் இல்லை இது. நன்றாகச் சாப்பாடு கிடைக்கும்போதே மூட்டை கட்டிவிடுவார்கள்.

இங்கே ஒரு பழைய தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. "வேடந்தாங்கலில் வெளிநாட்டுப் பறவைகள் கூடு கட்டி இனப்பெருக்கம் செய்கின்றன" என்று எழுதுவார்கள். வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்றபடி நாட்டுக்குள்ளேயே இடம் மாறி, அங்கே வந்து குடும்பம் நடத்துகின்றன. வடக்கிலிருந்து வலசை வரும், சேற்றில் நடந்து மேயும் உள்ளானும், ஊசிவால் வாத்தும் இங்கே முட்டையிடுவதில்லை. அவற்றின் பிரசவமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது, இங்கே வருவது தின்று, இறகு மாற்றி, உடம்பைத் தேற்றிக்கொள்ள.

ஆக, சதுப்பு நிலத்தில் ஒரே சேற்றில் மேய்கிற கூட்டத்தை ஒரு பேருந்து நிலையம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே டீக்கடை வைத்திருப்பவர் இருப்பார், அந்த ஊருக்கென்று வந்து இறங்குகிறவர் இருப்பார், அடுத்த வண்டி பிடித்து மேலே போகிறவர் இருப்பார். நெடுங்கால் உள்ளானையும் புள்ளிமூக்கு வாத்தையும் வருடம் முழுக்கப் பார்க்கலாம், அவை உள்ளூர். நீலச்சிறகி வாத்து பங்குனி வரை இங்கே தங்க வந்தது. கொசு உள்ளான் கூட்டத்தில் இன்று பார்த்தவற்றில் ஒரு பகுதி இங்கேயே தங்கும், இன்னொரு பகுதி அடுத்த வாரம் கோடியக்கரையையோ மன்னாரையோ பார்த்துப் போயிருக்கும். முகத்தைப் பார்த்து யார் எந்த ரகம் என்று சொல்ல முடியாது.

அதற்கு நல்ல உதாரணம் உப்புக்கொத்தி. தென்னிந்தியக் கடற்கரையிலும் இலங்கையிலும் குட்டையாக, வெளிர்பழுப்பாக ஓடித்திரியும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை ரொம்ப நாளாகக் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றே எழுதிவந்தார்கள். 2023-இல் இங்கேயே கூடு கட்டி வாழ்கிறது தனி இனம் என்று பிரித்து, அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கெண்டிஷும் அதே சேற்றில் பக்கத்தில் நின்று மேயும். இரண்டையும் பார்த்துப் பிரிப்பது பழகியவர்களுக்கே சவால், அதனால் முதல் நாளே அதில் இறங்காதீர்கள். ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் உள்ளூர், இன்னொருவர் வெளியூர் என்பது மட்டும் இப்போதைக்கு நினைவிருந்தால் போதும்.

பூநாரை இதில் எந்தப் பெட்டிக்குள்ளும் ஒழுங்காக அடங்காது. குஜராத்தின் கட்ச் உப்பு வெளியில் கூடு கட்டுகிறது, பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் வருகிறது, தண்ணீர் பிடிக்காவிட்டால் வேறு எங்கோ போய்விடுகிறது. உள்நாட்டு வலசை என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

ஜனவரியில் போவதற்கும் இப்போது போவதற்கும் என்ன வித்தியாசம்?

ஜனவரியில் போனால் பறவை அதிகம் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஜனவரியில் எல்லாரும் வந்து இடம்பிடித்து உட்கார்ந்தாகிவிட்டது. செப்டம்பர், அக்டோபரில் வருகை நடந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் இல்லாதது இந்த வாரம் இருக்கும், இந்த வாரம் முந்நூறு இருந்தது அடுத்த வாரம் நாற்பதாகியிருக்கும். வலசையை நேரில் பார்ப்பது என்றால் எனக்குத் தெரிந்தவரை இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதுதான். தலைக்கு மேலே அணி அணியாகப் பறந்து போவதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் உள்ளான்களில் பெரும்பாலானவை அந்திக்குமேல் கிளம்பி இரவில்தான் பறக்கின்றன.

எல்லாரும் ஒன்றாக வருவதும் இல்லை. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் சைபீரியாவில் கூடு கட்டும் பறவை, மைனாவைவிடச் சின்னது. ஆண் இணை சேர்ந்ததோடு சரி, அடைகாக்கிற வேலையிலோ குஞ்சு வளர்க்கிற வேலையிலோ அதற்குப் பங்கே இல்லை, ஜூலை வாக்கிலேயே தெற்கே கிளம்பிவிடும். பெண் குஞ்சுகளை ஆளாக்கிவிட்டுப் பின்னால் வரும். குஞ்சுகள் கடைசியாக, அப்பா அம்மா யாரும் இல்லாமல், தாங்களாகவே வரும்.

இதைச் சதுப்பில் நின்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆகஸ்ட் கடைசியில் வருகிற பெரிய பறவைகளின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும், சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய வர்ணம் எட்டிப்பார்க்கிற கணக்காக. அது கோடைகாலக் கல்யாண உடை, இன்னும் முழுசாக உதிரவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அது போய், மேலே சாம்பல், கீழே வெள்ளை என்று ஆகிவிடும். செப்டம்பர் நடுவிலிருந்து வரும் இளசுகளிடம் சிவப்பே இருக்காது. அவற்றின் முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் மெல்லிய வெளிர் கரை ஓடும், எல்லா இறகும் ஒரே வயது என்பதால் மீன் செதில் அடுக்கியது போல அவ்வளவு சீராக இருக்கும், மார்பில் லேசான மஞ்சள் பழுப்பு பூசியிருக்கும். பெரியவற்றின் முதுகு பழசும் புதுசும் கலந்து கந்தலாகத் தெரியும். பறவை மேல் நல்ல வெயில் படும்போது ஸ்கோப்பில், அதாவது முக்காலியில் வைத்த தொலைநோக்கியில், ஒரு நிமிடம் பார்த்தால் போதும், எது இந்த வருடம் பிறந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பெயர் கண்டுபிடிப்பதைவிட இது சுலபம், ஆனால் யாரும் சொல்லித்தருவதில்லை.

இளசு எத்தனை, பெரிசு எத்தனை என்று எண்ணுவதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. தூந்திரத்தில் லெம்மிங் என்று ஒரு எலி உண்டு, சில வருடம் ஏராளமாகப் பெருகும், சில வருடம் அருகிப்போகும். லெம்மிங் நிறைய இருந்தால் துருவ நரி அதைத் தின்று வயிறு நிறைந்து கிடக்கும், உள்ளான் குஞ்சுகள் பிழைக்கும். லெம்மிங் இல்லாத வருடம் நரி முட்டையையும் குஞ்சையும் தேடிப் போகும். அதனால் நம் ஊர்ச் சேற்றில் இளசுகள் மிகக் குறைவாக இருந்தால், சில ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஜூன் மாதம் எலி கிடைக்காமல் நரி அலைந்தது என்று சந்தேகப்படலாம். வளைமூக்கு உள்ளானிடம் இந்தத் தொடர்பை ஆராய்ச்சியாளர்கள் உறுதியாகவே பார்த்திருக்கிறார்கள்.

தனியாக வரும் குஞ்சுக்கு வழி எப்படித் தெரியும் என்பதுதான் எல்லாருக்கும் வருகிற அடுத்த கேள்வி. 1950-களில் நெதர்லாந்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. வலசை போய்க்கொண்டிருந்த பதினோராயிரம் ஸ்டார்லிங் பறவைகளை (மைனாவின் உறவு) பிடித்து, வளையம் மாட்டி, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஏற்கெனவே ஒரு தடவை போய்வந்த பெரிய பறவைகள் திசையை மாற்றிக்கொண்டு, வழக்கமாகத் தங்கும் இடத்தை நோக்கித் திரும்பின. முதல் தடவை போகும் இளசுகளோ நெதர்லாந்திலிருந்து எந்தத் திசையில் போயிருக்குமோ அதே தென்மேற்குத் திசையிலேயே பறந்து, பிரான்சின் தெற்கிலும் ஸ்பெயினிலும் போய்ச் சேர்ந்தன. அதாவது எந்தத் திசையில், எவ்வளவு நாள் என்பது பிறவியிலேயே வருகிறது; எந்த இடம் என்பது அனுபவத்தில் வருகிறது. திசையைப் பிடிக்கச் சூரியன், இரவில் நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் எல்லாம் உதவுகின்றன. காந்தப்புலத்தைக் கண்ணில் இருக்கிற ஒரு புரதம் வழியாக உணர்கின்றன என்று கருதுகிறார்கள், இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு அது.

2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் கிளம்பி எங்கும் இறங்காமல் பதினோரு நாள் பறந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் இறங்கியது, 13,560 கிலோமீட்டர். முதுகில் சிறிய செயற்கைக்கோள் கருவி இருந்ததால் தெரிந்தது. அந்தப் பறவைக்கு வயது ஐந்து மாதம்தான்!

நம் பக்கம் வருபவை இப்படி ஒரே மூச்சில் வருவதில்லை, பெரும்பாலும் இறங்கி இறங்கித் தின்றுதான் வருகின்றன. ஆர்க்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொட்டு ஓடுகிற இந்தப் பாதைக்கு மத்திய ஆசிய வான்வழி என்று பெயர். இருநூறுக்குச் சற்றுக் குறைவான நீர்ப்பறவை இனங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. நடுவில் இமயமலை நிற்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்து அதைத் தாண்டித்தான் வருகிறது, கருவி பூட்டிப் பார்த்ததில் ஒன்று 7,290 மீட்டர் உயரம் தொட்டிருக்கிறது. தெற்கு முனையில் இலங்கை. அதற்குக் கீழே அண்டார்டிகா வரை தண்ணீர்தான், அதனால் யாழ்ப்பாணக் கடல்நீரேரியும் மன்னாரும் இந்தப் பாதையின் கடைசி நிறுத்தங்கள். மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பூட்டிவிட்ட ஹியூக்ளின் கடற்காகம் ஒன்று 2021-இல் ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போய், திரும்பவும் மன்னாருக்கே வந்தது.

இப்போது இன்னொரு விஷயம் புரிந்திருக்கும். நம் சதுப்பில் மேய்கிற ஒரு கொசு உள்ளான் முப்பது கிராம்கூட வராது. அது நாள் முழுக்கக் குத்திக் குத்தித் தின்பது பொழுதுபோகாமல் இல்லை. அடுத்த பறப்புக்கான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. போட்டோ எடுக்க இரண்டடி முன்னே போய் அந்தக் கூட்டத்தை எழுப்பிவிட்டால், அது ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதற்குள் காலையில் தின்றதில் ஒரு பங்கு போச்சு. மேய்ச்சலை நிறுத்தித் தலையை உயர்த்தினால் அது முதல் எச்சரிக்கை. ஒன்றிரண்டு கூப்பிட ஆரம்பித்து, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே கிட்டே போய்விட்டீர்கள், நின்று பின்வாங்குங்கள். போனில் பறவைக் குரல் ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது, டிரோன் விடுவது இரண்டையும் நல்ல குழு எதுவும் அனுமதிக்காது.

எங்கே, எப்போது

சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணையும் அதை ஒட்டிய பெரும்பாக்கமும் கையெட்டுகிற தூரம். தென்சென்னை ஏரிகளின் உபரி நீரெல்லாம் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளத்தில் கடலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு, ரோடும் கட்டடமும் குப்பைமேடும் தின்றது போக மிஞ்சியிருப்பது கொஞ்சம். 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோடியக்கரை அதற்கு இருபது வருடம் முன்பே, 2002-இல், சேர்ந்துவிட்டது.

நம் ஊரில் வலசைப் பருவத்தை வடகிழக்குப் பருவமழை இரண்டாக வெட்டுகிறது. இது வட இந்தியப் பறவைக் கையேடுகளில் தெளிவாகக் கிடைக்காது, உள்ளூரில் நடந்து பார்த்தால்தான் பிடிபடும். மழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு முன்னால் தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் சேறு பளபளவென்று திறந்து கிடக்கும், அப்போதுதான் உள்ளான்களுக்குக் கொண்டாட்டம். கொசு உள்ளானின் கால் உங்கள் சுண்டு விரல் நீளம்கூட இருக்காது, அதற்கு வேண்டியது ஈர மண்ணும் அரை விரல் தண்ணீரும்தான். நாலு நாள் அடைமழை பெய்து இடுப்பளவு தண்ணீர் நின்றால் அத்தனையும் ஒரே இரவில் காணாமல் போகும். அதே தண்ணீருக்காகத்தான் வாத்துகள் காத்திருக்கும். எனவே உள்ளான் பார்க்க வேண்டுமென்றால் மழைக்கு முன், வாத்து பார்க்க வேண்டுமென்றால் மழைக்குப் பின். ஒரு வருடம் மழை சீக்கிரம் வந்து கொட்டிவிட்டால் அந்த வருடம் சேறு கிடையாது, உப்பளங்களையும் முகத்துவாரங்களையும் தேடிப் போக வேண்டியதுதான்.

அக்டோபரில் வந்து இறங்கும் ஆண் வாத்துகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். கையேட்டில் ஊசிவால் வாத்தின் ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, நீண்ட வால், வெள்ளைக் கழுத்து என்று ஜோராகப் படம் போட்டிருக்கும். கோடை முடிவில் அவை இறகெல்லாம் கொட்டி, பெண்ணைப் போலவே மங்கலான பழுப்பில்தான் வரும். டிசம்பருக்குள் பழைய அலங்காரம் திரும்பிவிடும். அதுவரை "எல்லாமே பெண் வாத்தா?" என்று ஒருவர் கேட்பது எல்லாப் பறவை நடையிலும் உண்டு.

சதுப்புக்குப் போகாமலும் வலசை பார்க்கலாம். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, செப்டம்பர் கடைசியிலிருந்து இரவோடு இரவாகத் தெற்கே வருகிறது. களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்தில் குழம்பி வீட்டுக் கண்ணாடியில் மோதி விழுவது அடிக்கடி நடக்கிறது. பச்சை, நீலம், சிவப்பு என்று அவ்வளவு வண்ணமாக ஒரு பறவை உங்கள் பால்கனியில் கிடந்தால் பதறாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிட்டால் போய்விடும். காயம் தெரிந்தால் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

கூட்டமாகப் போவது எதற்கு?

தனியாகப் போனால் அமைதி, சரி. ஆனால் இந்தப் பருவத்தில் கூட்டத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, அது எண்ணுவது. வருகிறார்கள், போகிறார்கள் என்பது எண்ணிக்கையில்தான் தெரியும் என்று மேலே சொன்னேன் இல்லையா, ஐந்நூறு உள்ளான் ஓடிக்கொண்டே மேயும்போது ஒற்றை ஆள் எண்ணினால் கண் சுழலும். மூன்று பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியாக எண்ணி, அப்புறம் ஒப்பிட்டால் ஏதோ ஒரு நம்பிக்கையான எண் கிடைக்கும். முதலில் பத்துப் பறவையை உண்மையாகவே எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவு துண்டு எத்தனை என்று கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். புதியவர்கள் எல்லாருமே பெரிய கூட்டத்தைக் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள், முக்கியமாகப் பறக்கும்போது. அலையேற்றம் இருக்கிற முகத்துவாரம் என்றால் நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள், சேறு மூழ்கி எல்லாம் ஒரே திட்டில் நெருக்கி நிற்கும், எண்ண வசதி.

கூட்டத்தில் அதிகம் கேட்கிற வார்த்தை "அதோ! அதோ!" என்பது. இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. எல்லாரும் பார்க்கக்கூடிய அசையாத ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்: "மின்கம்பம் தெரியுதா அண்ணா, அதுக்கு நேர் கீழே கோரைப்புல் திட்டு, அதோட இடது நுனியிலிருந்து கொஞ்சம் இங்கே, நெடுங்கால் உள்ளானுக்குப் பின்னால." இப்படிச் சொல்லப் பழகிவிட்டால் உங்களைத்தான் எல்லாரும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்கள். நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலது கைப்பக்கம் மூன்று மணி என்று கடிகாரக் கணக்கில் சொல்வதும் உண்டு, ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்றால்தான் அது வேலை செய்யும்.

ஸ்கோப் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வரிசையில் முதல் சுற்றில் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், பறவை பறந்துவிட்டால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் இல்லை. எல்லாரும் ஒரு தடவை பார்த்தானதும் திரும்ப வந்து நிதானமாகப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பலாம், குழாயைப் பிடித்து அசைக்கக் கூடாது. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 போதும். 10x வாங்கினால் பறவை பெரிதாகத் தெரியும், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும்.

வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். காலையில் என்றால் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்ப்பது. எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்பு நிழல்தான், மேலே சொன்ன செதில் முதுகு எதுவும் தெரியாது. எட்டரைக்கு மேல் சேற்றின் மீது கானல் ஆட ஆரம்பித்துவிடும், ஸ்கோப்பில் எல்லாம் நெளியும். ஆகவே ஆறு மணி என்றால் ஆறு மணி.

அடையாளம் காண்பதில் முதல் நாளே எல்லாம் வராது, வர வேண்டியதும் இல்லை. நிறத்தைவிட நடத்தையைக் கவனியுங்கள். கரையோரமாகத் தனியாக நடந்து பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் அது சாதாரண உள்ளான். எழும்பும்போது மூன்று தடவை கணீரென்று கூப்பிட்டால் பச்சைக்காலி. பறக்கையில் இறக்கையின் பின்விளிம்பில் அகலமாக வெள்ளை தெரிந்தால் பவளக்காலி. மேலோட்டமாகக் கொத்திக்கொண்டு குடுகுடுவென்று ஓடினால் கொசு உள்ளான். வயிறு நனையும் தண்ணீரில் நின்று, வளைந்த மூக்கை அடிவரை இறக்கி ஒரே இடத்தில் பலமுறை குத்தினால் வளைமூக்கு உள்ளான். மிச்சத்தை "இனம் தெரியாத உள்ளான், 60" என்று எழுதிவிடலாம். ஊகித்துப் பெயர் போடுவதைவிட அது எவ்வளவோ மேல், தெரியாது என்று எழுதுகிறவரின் பட்டியலைத்தான் நான் நம்புவேன்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் கூட்டத்தையே நிறுத்துங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிடும் பணி செய்துவருகிறது. செயற்கைக்கோள் கருவிகள் வருவதற்கு முன் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு இந்த வளையங்கள்தான் சாட்சி. கொடியின் நிறம், இடது காலா வலது காலா, முழங்காலுக்கு மேலா கீழா, எழுத்து ஏதாவது உண்டா என்று நாலையும் குறித்து, முடிந்தால் படம் எடுத்து அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் எங்கே, எந்த வருடம் மாட்டியது என்று பதில் வரும்.

நடை முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்ப்பது வழக்கம், வாக்குவாதமெல்லாம் அங்கேதான். பறவைப் பட்டியல் பதிகிற ஈபேர்ட் செயலியில் ஒருவர் மட்டும் பதிந்து, மற்றவர்களுக்குப் பகிர்ந்தால் போதும். பதினைந்து பேரும் தனித்தனியாகப் பதிந்தால் அறுபது மூக்கன் தொள்ளாயிரம் மூக்கனாகிவிடும். காகம், மைனா, மாடப்புறா எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்ததை எல்லாம் எழுதிய முழுப் பட்டியல்தான் ஆய்வுக்கு உதவும். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள், அந்த வார இறுதியில் பல ஊரில் நடை வைப்பார்கள், புதியவர்கள் சேர்ந்துகொள்ள நல்ல சந்தர்ப்பம்.

ஒரே ஒரு தடவை போனால் அழகான பறவைகள் பார்த்தோம் என்று திரும்பி வரலாம், அவ்வளவுதான். முடிந்தால் அதே கரை, அதே நேரம், அதே நாலு பேர் என்று வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போங்கள், மழை பிடித்த பிறகு இன்னொரு தடவை போங்கள். மூன்று பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைமூக்கு உள்ளானின் வரியையும் நீலச்சிறகியின் வரியையும் மட்டும் பாருங்கள். மழைக்கு அப்புறம் போகும்போது கரையில் பாம்பு ஒதுங்கியிருக்கும், செருப்பில் போகாமல் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.